மேடில்லாத குழிகள்

மண் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளில் ஏதோ தட்டச்சுப் பிழை என்றுதான் அல்தியா கெய்யார் முதலில் நினைத்தாள். காட்டில் அவள் அளந்த முதல் ஐந்து கட்டங்களின் எண்கள் அவள் எதிர்பார்த்தபடியே இருந்தன. ஓக் சருகு மக்கி மக்கி மேல்மண் அமிலமாகியிருந்தது. ஓரடி கீழே அமிலம் குறைந்தது. மூன்றடியில் துளைப்பான் சுண்ணாம்புக் களிமண்ணைத் தொட்டதும் காரத்தின் எண் எகிறியது. கடலோரச் சமவெளியில், பழைய கடலடி மண்ணின் மேல் வளர்ந்த எந்த ஈரக் காடும் இப்படித்தான் இருக்கும். மரங்களின் வேர் கீழே சுண்ணாம்பைக் குடிக்கும். மேலே உள்ள மண் புளித்துக் கிடக்கும்.

ஆறாவது கட்டம் தலைகீழாக இருந்தது. மேல் நான்கு அங்குலத்தில்தான் சுண்ணாம்பு. கீழே போகப் போக ஒன்றுமில்லை.

அந்தியோகியா தேவாலயத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக அதுதான் அவள் அலுவலகம். நீளமான மேசைகளில் செய்தித்தாள்களுக்கு நடுவே செடிகள் அழுத்தப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. கூடத்தின் சாவியை அவளிடம் கொடுத்தவன் க்ளியோன் வெனிங். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஐம்பத்தெட்டு வயது. குவாரிக்கு எதிராக ஊர்க்காரர்கள் அமைத்த குழுவுக்கு அவன்தான் தலைவர்.

ஊர் என்றால் முப்பத்தைந்து வீடுகளும் ஒரு தேவாலயமும். கிழக்கே சுண்ணாம்புக்கல் குவாரி. பள்ளத்தில் ஊறும் நீரை அது இரவு பகலாக இறைத்து வெளியே விடுகிறது. அதனால் ஊரின் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்றை இழுக்கத் தொடங்கியிருந்தன. போன வருடம் ஒரு வீட்டின் பின்புறத்தில் தரை உள்வாங்கி, துணி காயப்போடும் கம்பத்தை முழுசாக விழுங்கியது. மேற்கே இருந்த டூலி காட்டுக்கும் குவாரி கம்பெனி விலை பேசிக்கொண்டிருந்தது. அந்த நூற்று நாற்பது ஏக்கர், மரவியாபாரக் குடும்பம் ஒன்றின் வாரிசுகளுக்குச் சொந்தம். அவர்கள் அட்லாண்டாவில் இருந்தார்கள். யார் வாங்கினாலும் சரி என்பது அவர்கள் நிலை.

இன்னொரு பக்கம், காடுகளை வாங்கிக் காப்பாற்றும் ஓர் அறக்கட்டளையும் கேட்டிருந்தது. ஆனால் அவர்கள் முதல் தரக் காட்டைத்தான் வாங்குவார்கள். முதல் தரம் என்றால், அளந்த கட்டங்களில் ஒன்றிலாவது சுண்ணாம்பை நாடி வளரும் தாவரங்கள் பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதைக் கண்டு எழுதத்தான் அல்தியாவை அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். இன்று செவ்வாய்.

ஒன்று முதல் ஐந்து வரையான கட்டங்களில் அவள் எண்ணியது அதிகபட்சம் ஏழு. ஆறாவதில் பதினான்கு.

அவள் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அங்கிருந்த பெண், மண்ணை இரண்டு தரம் சோதித்ததாகவும், சல்லடையில் சிப்பித் துண்டுகள் நிறைய வந்ததாகவும் சொன்னாள். களியில் இருக்கும் பழங்காலச் சிப்பிதானே என்று அல்தியா கேட்டாள். "அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான் தோண்டுனீங்க" என்று அந்தப் பெண் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அல்தியா தன் வரைபடங்களை மேசையில் விரித்தாள். ஒவ்வொரு கட்டமும் ஐம்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். நாடா பிடித்து, மூலைகளில் கொடிக்கம்பி நட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் எழுதி, தரையின் மேடுபள்ளத்தையும் வரைந்து வைப்பது வழக்கம். இரண்டாம் கட்டத்தில் ஒன்பது பள்ளங்கள். புயலில் மரம் வேரோடு சாயும்போது பள்ளம் விழும், அதன் பக்கத்திலேயே வேர் பிடித்துத் தூக்கிய மண் மேடாக நிற்கும். மரம் மக்கிப்போன பிறகும் அந்த இரண்டும் ஜோடியாக இருக்கும். அவள் கை ஒவ்வொரு பள்ளத்தின் பக்கத்திலும் மேட்டுக்கான கோடுகளைப் போட்டிருந்தது. நாலாம் கட்டத்திலும் அப்படியே.

ஆறாம் கட்டத்தில் இருபத்தேழு பள்ளங்கள். எல்லாம் கிழக்கு மேற்காக. "பெரும்புயல், ஒரே திசைக் காற்று" என்று ஓரத்தில் தானே எழுதியிருந்தாள். ஒரு பள்ளத்தின் பக்கத்திலும் மேட்டுக் கோடு இல்லை.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறாள். மேடில்லாத குழிகள் இருபத்தேழை அவள் கையே வரைந்திருக்கிறது.

*

காட்டுக்குப் போக இருபது நிமிடம். தாழ்வான இடத்தில் குட்டைப்பனை இடுப்பளவு நின்றது. அதைத் தாண்டி கூடை ஓக்குகள், ஷூமார்ட் ஓக்குகள், வழுவழுப்பான ஹிக்கரி மரங்கள். ஏப்ரல் கடைசி. மேலே இலைகள் மூடிவிட்டதால் உள்ளே பச்சை இருட்டு. கொசு காதோரம் வந்து வந்து போனது.

ஆறாம் கட்டம் சற்றே உயரமான திட்டு. முதல் நாள் க்ளியோன்தான் அவளை இங்கே கூட்டிவந்தான். மற்ற கட்டங்களை விதிப்படி, திசைகாட்டியைப் பார்த்து இத்தனை அடி என்று நடந்து அவள் குறித்தாள். ஒன்றை மட்டும் அளப்பவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. "பூ பாக்கணும்னா மேட்டுப் பக்கம் வா, டாக்டரம்மா" என்று அவன் அழைத்தான். அவள் டாக்டர் பட்டம் வாங்கவில்லை என்று பல தரம் சொல்லியாயிற்று. இங்கே வந்து கொலம்பைன் செடிகளின் சிவப்புப் பூக்கள் தொங்குவதையும், ரெட்பட் மரங்களையும், சர்க்கரை மேப்பிள் கன்றுகளையும், முதிர்ந்த சிடார் மரங்களையும் பார்த்தபோது அவளுக்கு மூச்சு நின்று வந்தது. ஈரக் காட்டுக்குள் சிடார் என்றால் சுண்ணாம்பு மேலேயே இருக்கிறது என்று பொருள். அவள் படித்த படிப்பு அப்படி.

இப்போது அந்தச் சிடார்களை மறுபடி பார்த்தாள். ஆறு மரங்கள். பருமன் ஏறக்குறைய ஒன்று. ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில்.

ஒரு குழியின் மேற்கு முனையில் மண்டியிட்டுச் சருகை விலக்கினாள். இரண்டு விரல் ஆழத்தில் ஒரு சங்கு கிடந்தது. கடற்கரைச் சங்கு. வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. பக்கத்தில் சிப்பிகள், அவற்றுக்கும் கீழே நீலக் கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகம். கடல் இங்கிருந்து முப்பது மைல். எந்தப் பழங்காலக் கடலும் நீலப் புட்டியை விட்டுப் போனதில்லை.

அவள் அப்பாவின் கல்லறையிலும் சிப்பி வைத்திருந்தார்கள். இரண்டு மாவட்டம் தள்ளி, அவள் ஊரில். அவளே வாளியில் சுமந்துபோய்க் கையால் அடுக்கியவள். தலைமாட்டில் சிடார் கன்று நட்டவன் அவள் தம்பி. இந்த மண்ணின் கறுப்பினத்தாரில், கல்லறையில் சிடார் எதற்கு, சிப்பி எதற்கு என்று தெரியாதவர் யாருமில்லை. கிழக்கே கால் நீட்டிப் புதைப்பதும், உள்ளே பெட்டி மக்கினால் மேலே தரை தணிந்து மேடில்லாத குழியாவதும் அப்படியே. அவளுக்கும் தெரியும். ஆனால் கையில் கட்டத் தாளோடு இந்த மேட்டில் நின்றபோது, சிடார் அவளுக்குச் சுண்ணாம்பின் அடையாளமாக மட்டுமே தெரிந்திருக்கிறது. பதினைந்து மணிநேரம் இங்கே வேலை செய்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டை அந்தக் குழிகளில் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சங்கை எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துச் சருகை மூடினாள்.

*

க்ளியோன் பேருந்தை நிறுத்திவிட்டு நாலரை மணிக்கு வந்தான். அவள் தேவாலயப் படியில் காத்திருந்தாள். வறுத்த மீனும் சிவப்புச் சோறும் அடைத்த பொட்டலத்தை அவள் மடியில் போட்டுவிட்டு, முகத்தைப் பார்த்தான்.

"என்ன, உண்ணிப் பூச்சி கடிச்சுதா?"

"அங்க கல்லறை இருக்குன்னு ஏன் சொல்லல?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் பொட்டலத்தைப் பிரித்தான். பிறகு நிதானமாக, மறைக்காமல் சொன்னான். குவாரி இப்போது இருக்கும் இடத்திலும் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் ஊர்க்காரர்கள் போய், இங்கே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டது. செய்தித்தாளில் அறிவிப்பு போட்டது, பாஸ்டரை அழைத்து ஜெபம் பண்ண வைத்தது, முப்பத்தொரு பெட்டியில் எல்லோரையும் அள்ளி நெடுஞ்சாலையோரப் பொதுக் கல்லறையில் வைத்தது. பெட்டிகளில் எண்தான் இருக்கிறது. டூலி காட்டில் இருப்பதைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். காடு காடாகக் காப்பாற்றப்பட்டால் உள்ளே இருப்பவர்களும் யாருக்கும் தெரியாமல் அங்கேயே இருப்பார்கள்.

"அதனாலதான் என்னைய அந்த மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

"அங்கதான பூ இருக்கு. நான் பொய் சொல்லலையே."

பூ ஏன் அங்கே இருக்கிறது என்று அவள் விளக்கினாள். நூறு வருடமாக மக்கள் கொண்டுவந்து வைத்த சிப்பி கரைந்து மேல்மண்ணைச் சுண்ணாம்பாக்கியிருக்கிறது. கொலம்பைன் அதைத் தேடி வந்தது. சிடார் மக்களே நட்டது. அந்தப் பதினான்கில் பாதிக்குமேல் இயற்கையின் கணக்கில் வராது. ஆறாம் கட்டத்தை எடுத்துவிட்டால் காடு இரண்டாம் தரம்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். சிப்பியைப் பற்றி அவனுக்கு இது புதுச் செய்தி என்பது தெரிந்தது.

"மண்ணுல சுண்ணாம்பு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"செடி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நீ எழுதுனது அத்தனையும் நெசம். சுண்ணாம்பு நாங்க போட்டது. அதுக்கென்ன? யார் போட்டான்னு உன் தாள் கேக்குதா?"

"கேக்குது. 'மனிதக் கைபட்ட அடையாளம்'னு ஒரு வரியே இருக்கு. இல்லன்னு எழுதி வச்சிருக்கேன்."

"இல்லன்னே இருக்கட்டும், சிஸ்டர்." முதல் தடவையாக அவளை அவன் அப்படிக் கூப்பிட்டான். "கைபட்ட அடையாளமாம். அது கை இல்ல. என் அண்ணன் அங்க இருக்கான். மூணு மாசக் குழந்தை, ஆமோஸ். அறுபத்திரண்டுல. கடைசியா அங்க பொதச்சது அவனைத்தான்."

மீன் ஆறிப்போயிருந்தது. உள்ளே போய் வேலையைப் பார்ப்பதாகச் சொல்லி எழுந்தாள்.

*

புதன்கிழமை முழுக்க அவள் வேறு இடம் தேடினாள். சுண்ணாம்புக் களி மேலே வந்து நிற்கும் இடம் இந்த நூற்று நாற்பது ஏக்கரில் ஒன்றாவது இருக்கும் என்று ஓடைக்கரை நெடுக நடந்தாள். பேருந்தை விட்டுவிட்டுப் பத்து மணிக்கு க்ளியோனும் வந்து சேர்ந்துகொண்டான். கோபமாகத்தான் இருந்தான், ஆனால் தோளில் துப்பாக்கி இருந்தது. உயரமான ஹிக்கரிகளை இலை பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். எட்டாத இலைக்கு ஒரே வழி சுட்டு வீழ்த்துவது. முதல் வாரமே இதைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்திருந்தான்.

"மானைச் சுட்டா சாப்பாடு. அணிலைச் சுட்டா குழம்பு. இலையைச் சுடுறதுக்குன்னு காலேஜ்ல படிச்சிருக்கா பாரு" என்று இப்போதும் சொன்னான். சிரிக்கவில்லை.

ஓடை வளைவில் ஒரு மரத்தின் கிளைநுனியை அவன் சுட்டு இறக்கினான். அல்தியா இலையைத் திருப்பினாள். அடிப்புறம் பித்தளைப் பளபளப்பு. ஜாதிக்காய் ஹிக்கரி. சுண்ணாம்பை விட்டு வேறெங்கும் வளராதது, இந்தக் கடலோரத்திலேயே அபூர்வமானது. அவள் அந்த மரத்தடியிலேயே நாடாவை விரித்தாள். இருட்டுவதற்குள் முடிக்க இருவரும் ஓடினார்கள். அவன் நாடா பிடித்தான், பெயரைத் திருப்பிச் சொல்லி எழுதினான். எழுத்து பள்ளிப் பிள்ளையுடையது போல வட்டமாக இருந்தது. கடைசி மூலையில் நின்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

எட்டு.

"இன்னொரு தடவ எண்ணு."

அவள் எண்ணினாள். எட்டுதான். குழந்தைக் கன்றுகள், பாசி, சருகுக்கடியில் காய்ந்துபோன வசந்தச் செடியின் தண்டு என்று இன்னும் அரைமணி நேரம் மண்டியிட்டுத் தேடினாள். மார்ச் மாதத்தில் வந்திருந்தால் இன்னும் இரண்டு கிடைத்திருக்கலாம். அந்தச் செடிகள் முளைத்துப் பூத்து ஏப்ரலுக்குள் மண்ணுக்குள் போய்விடும். இருந்திருக்கும் என்று எழுதுவதற்குத் தாளில் இடமில்லை.

"எட்டுன்னா என்ன அர்த்தம்?"

"இரண்டாம் தரம்."

அவன் துப்பாக்கியை மடக்கித் திறந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்காகக் காத்திராமல் நடந்தான்.

வியாழக்கிழமை அவள் கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. ஆறாம் கட்டத்தை அப்படியே விட்டுவிடுவது எவ்வளவு சுலபம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. காடு நல்ல காடு. அந்த ஒற்றை ஹிக்கரிக்காகவே காப்பாற்றலாம். மிச்சக் கிணறுகளில் தண்ணீர் தங்கும். ஆனால் அறக்கட்டளை இந்தக் கடலோரத்தில் அடுத்தடுத்து வாங்கப்போகும் காடுகளை இந்தக் கட்டத்தோடுதான் ஒப்பிடும். கொலம்பைனும் சிடாரும் மேல்மண் சுண்ணாம்பும் இருப்பதே முதல் தரக் காடு என்று ஒரு பொய்யான அளவுகோல் நிலைத்துவிடும். களியின் மேல் புளித்த மண்ணோடு நிற்கிற உண்மையான காடுகள் எல்லாம் அதனால் இரண்டாம் தரமாகும். டூலி காட்டைக் காப்பாற்ற அவள் எழுதும் வரி, பெயர் தெரியாத பத்துக் காடுகளைக் குவாரிக்கு எழுதிக் கொடுக்கும். இது ஒன்று. இன்னொன்று இதைவிடச் சின்னது, ஆனால் அதுதான் அவளை உறுத்தியது. 'மனிதக் கைபட்ட அடையாளம்: இல்லை' என்ற வரியை அந்த இருபத்தேழு பேரின் தலைக்கு மேல் அவளால் எழுத முடியவில்லை.

ஆறாம் கட்டத்தை நீக்கினாள். காரணம் என்ற இடத்தில், "அளந்தவர் கட்டத்தைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார்" என்று எழுதினாள். அது உண்மை. கல்லறை என்ற சொல் எங்கும் வரவில்லை. ஓடை வளைவைப் புதிய ஆறாம் கட்டமாகச் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அனுப்பினாள். இரண்டு மணிக்கு அறக்கட்டளையிலிருந்து ப்ரெண்டிஸ் பேசினான். பல வருடப் பழக்கம், நல்லவன். போன வாரம்தான் பதினான்கு என்று அவளே சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். இன்று எட்டு என்றால் அறக்கட்டளைக் குழுவிடம் என்ன சொல்வது என்று கேட்டான். தன் தவறு என்றாள். அப்படியானால் மற்ற ஐந்தையும் வேறொருவர் திரும்ப அளக்க வேண்டும், அடுத்த வசந்தத்தில்தான் முடியும், அட்லாண்டா வாரிசுகள் அதுவரை பொறுக்க மாட்டார்கள் என்றான். பிறகு, "அந்த மேட்டுல ஏதாவது இருக்கா, அல்தியா?" என்று கேட்டான்.

"அத நான் சொல்லக்கூடாது. அந்தியோகியாக்காரங்களைக் கேளுங்க."

அப்படிச் சொன்னதே சொன்னதற்குச் சமம் என்று தொலைபேசியை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ப்ரெண்டிஸ் வெளியில் சொல்லமாட்டான். ஆனாலும் அவளே க்ளியோன் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னாள். அவன் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"வாயில ஒரு சொல்லு நிக்காதா உனக்கு?" என்றான். "தாளுக்குப் பொய் சொல்லமாட்ட. ஆளுக்குச் சொன்னா என்ன?"

*

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அயனா கதவைச் சாத்தச் சொன்னார். கல்லறையை அரசாங்கத்துக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்று கேள்வி. அல்தியா கடைசி பெஞ்சில் இருந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

இரண்டு மணிநேரம் பேசினார்கள். காடு எப்படியும் போகப் போகிறது, வாயை மூடிக்கொண்டிருந்தால் இயந்திரம் எலும்பென்று தெரியாமலே அள்ளிப் போடும் என்றது ஒரு பக்கம். முப்பத்தொரு பெட்டியை மறந்துவிட்டீர்களா என்றது மறுபக்கம். கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் விதி இரண்டாகப் பிரிகிறது என்று பாஸ்டர் விசாரித்து வந்திருந்தார். பெயர் தெரிந்த கல்லறையை உறவினர் சம்மதமில்லாமல் தொட முடியாது. பெயர் தெரியாததை, முப்பது நாள் அறிவிப்பு கொடுத்து எடுக்கலாம். போன தடவை யாரும் பெயர் எழுதிக் கொடுக்கவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

தெரிவிக்கலாம் என்பவர்கள் எழுந்து நின்றார்கள். பத்தொன்பது பேர். வேண்டாம் என்பவர்கள் பதினொருவர். க்ளியோன் பதினொருவரோடு நின்றான்.

அந்த வாரமே வீடு வீடாகப் பெயர் சேர்த்தார்கள். பதினாலு பெயர் கிடைத்தது. குடும்ப வேதாகமத்தின் பின்பக்கத்திலிருந்து சில, ஞாபகத்திலிருந்து சில. எந்தப் பெயர் எந்தக் குழி என்பதுதான் சிக்கல். கவுண்டி ஆள் வருவதற்குள் மேட்டை அளந்து வரைந்து வைக்க வேண்டும். அளக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். கேட்க வந்தவர் பாஸ்டர். அல்தியா தன் அடுத்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு வந்த இரண்டாவது வியாழக்கிழமை கவுண்டி ஆள் வந்தபோது, டூலி காடு குவாரி கம்பெனிக்குக் கைமாறி மூன்று நாள் ஆகியிருந்தது. ஓடை வளைவில் ஆரஞ்சு நிற நாடா கட்டியிருந்தார்கள். ஜாதிக்காய் ஹிக்கரியின் மேலும் ஒரு சுற்று.

கவுண்டி ஆள் இளைஞன். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனுடைய படிவத்தில் ஒரு கல்லறைக்கு ஒரு வரி. அல்தியா எழுத, அவன் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். குடும்பக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து காட்டினார்கள். பத்தாவது வரிவரை சிரமமில்லாமல் போனது.

பிறகு க்ளியோன் வந்தான். பதின்மூன்று நாளாக அவன் அவளிடம் பேசவில்லை. மூன்றாவது சிடாரின் பக்கம் நேராக நடந்து போனான். அம்மா சொன்ன அடையாளம் அதுதான், சிடாருக்குத் தெற்கே, சின்னது. நின்றான். குனிந்து பார்த்தான். அல்தியாவுக்கு முன்பே தெரியும். அங்கே சின்னக் குழிகள் மூன்று இருந்தன, ஒன்றையொன்று ஒட்டி. எல்லாம் மூன்றடி நீளம்.

அவன் முதல் குழிக்குப் போனான். பிறகு மூன்றாவதுக்கு. திரும்ப நடுவில் வந்து நின்றான்.

"எதுங்க, சார்?" என்று கவுண்டி ஆள் கேட்டான்.

க்ளியோன் அல்தியாவைப் பார்த்தான்.

"மூணுலயும் எழுது. ஆமோஸ் வெனிங்."

"அப்படி எழுத முடியாதுங்க, ஒரு பேருக்கு ஒரு வரிதான்" என்றான் கவுண்டி ஆள்.

"ஒண்ணுல மட்டும் எழுதுனா, அது அவனா இல்லாமப் போனா? அந்த ரெண்டையும் அறிவிப்பு போட்டுத் தூக்கிருவான். அதுல ஒண்ணுல என் அண்ணன் இருப்பான். எழுது, சிஸ்டர். அன்னிக்கி ஒரு பொய் எழுதியிருந்தா இன்னிக்கி இங்க நின்னுட்டு இருக்க வேண்டியதில்ல."

அவள் பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி நின்றாள். வந்திருந்தவர்கள் சிடார்களுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே குவாரியின் பம்பு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த மூணுல எதையாவது எடுக்கச் சம்மதிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"உங்க அண்ணன் இதுல ஒண்ணுல இருக்கார்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"எங்க வேணாலும் பண்றேன்."

அவள் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய வரிகளை ஓர் அடைப்புக்குறியால் சேர்த்தாள். அதன் எதிரே, "மூன்று மாதக் குழந்தை ஆமோஸ் வெனிங் இம்மூன்றில் ஒன்றில் இருக்கிறார். எதில் என்று தெரியாது. மூன்றையும் தொடத் தம்பி க்ளியோன் வெனிங் சம்மதிக்கவில்லை" என்று எழுதினாள். படித்துக் காட்டினாள்.

கவுண்டி ஆள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பெனி வக்கீல் இதை ஒப்புக்கொள்வாரா என்று தனக்குத் தெரியாது என்றான். பெயர் தெரிந்தது என்ற கணக்கில் இது வராமலும் போகலாம், மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டான்.

க்ளியோன் பேனாவை வாங்கித் தன் பெயரை அந்த வட்ட எழுத்தில் போட்டான். தாளை அவளிடம் கொடுக்கவில்லை, சிடாரின் மேல் சாய்த்துப் பிடித்தபடி எழுதியதைத் தானே ஒருமுறை படித்தான்.

"எதில் என்று தெரியாது," என்றான். "அம்மா இதைக் கேட்டா அடிப்பா."

பிறகு தாளை நீட்டினான். அடுத்த குடும்பம் காத்திருந்தது. அல்தியா பதினான்காவது குழிக்கு நடந்தாள்.